மொட்டைமாடிக்கு இறங்கும் கயிறு

2018 ஆகஸ்ட் மூன்றாவது வாரம் நம் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும். காவிரியும் கொள்ளிடமும் இரு கரையும் தொட்டு ஓடின. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த 1928ஆம் வருடத்து இரும்புப் பாலத்தின் தூண்கள் 18ஆம் தேதி இரவு சரிந்தன. நல்லவேளையாகப் போக்குவரத்து ஏற்கெனவே பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாறியிருந்தது. நாலு நாள் கழித்து, 22ஆம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆர்தர் காட்டன் காலத்தில் 1836ல் கட்டிய அணை அது. லால்குடியிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போனவர்கள் அந்த நாட்களில் ஜன்னல் வழியாக ஆற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு போனார்கள்.

அதே வாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுக்க வெள்ளத்தில் கிடந்தது. 17ஆம் தேதி ஆலுவாவுக்கு அருகே செங்கமனாடு என்ற ஊரில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. வீட்டைச் சுற்றிலும் தண்ணீர். கடற்படையின் சேத்தக் ஹெலிகாப்டர் ஒன்று மேலே வந்து நின்றது. முதலில் ஒரு டாக்டரைக் கயிற்றில் கீழே இறக்கினார்கள். அவர் சோதித்துப் பார்த்து, தூக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணை மேலே எடுத்தார்கள். கொச்சியில் கடற்படையின் சஞ்சீவனி ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. ஹெலிகாப்டரை ஓட்டியவர் கமாண்டர் விஜய் வர்மா. அவர் இரண்டு பெண்களைக் காப்பாற்றிய வேறொரு வீட்டின் மொட்டைமாடியில் 'தேங்க்ஸ்' என்று பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது.

இந்த இதழுக்கு இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் மொட்டைமாடி முழுவதையும் தகர ஷீட் போட்டு மூடிவிடலாம் என்று அசோசியேஷனில் பேச்சு நடக்கிறது. மழைக் கசிவு நிற்கும், மேல்மாடி வீடுகளுக்குச் சூடு குறையும். இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் முடிவெடுக்கும் முன் மேலே இருந்து வரும் உதவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. தேடிப் படிக்கப் போக, அது ஒரு பெரிய கதையாக விரிந்தது.

ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று போர்முனையில் சிக்கியவரை மீட்ட முதல் சம்பவம் நம் நாட்டோடு தொடர்புடையது. 1944 ஏப்ரல் கடைசி வாரம். பர்மாவில் ஜப்பானியர்களோடு சண்டை நடக்கிறது. ஓர் அமெரிக்கச் சிறு விமானம், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களோடு எதிரிகளின் பகுதிக்குள் காட்டில் இறங்கிவிட்டது. அதை எடுக்க அஸ்ஸாமில் உள்ள லாலாகாட் விமானத் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி ஹெலிகாப்டரில் கிளம்பினார். (லாலாகாட்டுக்கும் லால்குடிக்கும் ஓசையைத் தவிர வேறு உறவில்லை.) அவருடைய சிகோர்ஸ்கி ஆர்-4 ஹெலிகாப்டர் விமானியோடு இன்னும் ஒருவரை மட்டுமே சுமக்கும். வெயிலில் அதற்குக்கூட எஞ்சின் திணறியது. அதனால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போய் அடுத்தவரை எடுத்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, நாலு நடையில் இரண்டு நாளில் நாலு பேரையும் வெளியே கொண்டுவந்தார்.

சங்கீதத்துக்குப் பேர்போன நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் உபரிச் செய்தி. அந்த ஹார்மன் போர் முடிந்து ஊர் திரும்பியதும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சங்கீத விமரிசகர் ஆனார். சொந்தமாக இசையும் அமைத்தவர்.

அந்த முதல் மீட்பிலேயே முக்கியமான பாடம் ஒன்று தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகத்தான் எடுக்க முடியும். எண்பது வருடத்தில் எஞ்சின் பெரிதாகியிருக்கிறது, ஆனால் கணக்கின் அடிப்படை மாறவில்லை. 1945 நவம்பரில் அமெரிக்காவில் புயலில் சிக்கிய ஒரு தோணியிலிருந்து இரண்டு பேரை ஹெலிகாப்டரில் கயிறு விட்டுத் தூக்கினார்கள். ஹெலிகாப்டர் வின்ச் கொண்டு நடந்த முதல் மீட்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். வின்ச் என்பது பழைய கிணற்று ராட்டினத்தின் தம்பிதான். உருளையில் எஃகுக் கம்பி சுற்றியிருக்கும், மோட்டார் சுழற்றும், நுனியில் கொக்கி.

நம் விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர் 1954ல் வந்தது. சிகோர்ஸ்கி எஸ்-55. பிறகு ரஷ்ய எம்ஐ-4 வந்தது. ஆனால் நம் ஜனங்கள் அதிகமாகப் பார்த்தது, குழந்தைகள் கை காட்டிக் கூப்பிட்டது, சேத்தக்கைத்தான்.

சேத்தக்கின் பிறப்பு பிரான்ஸ். அலுவெட் 3 என்பது அதன் தாய்நாட்டுப் பெயர். 1959 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது. அடுத்த வருடமே இமயமலையில் 6,000 மீட்டருக்கும் மேலே இறங்கி ஏறிக் காட்டினார்கள். மலை எல்லையைக் காக்க வேண்டிய நமக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. 1962ல் ஒப்பந்தம் ஆனது. 1965லிருந்து பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நாமே செய்ய ஆரம்பித்தது. முந்நூறுக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டினார்கள். விமானியோடு சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். பெரிய கண்ணாடி முகம், எல்லாப் பக்கமும் பார்வை. 2022 ஏப்ரலில் ஹைதராபாத் பக்கம் ஹகீம்பேட்டில் சேத்தக்கின் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். மனிதனுக்கு அறுபதில் சஷ்டியப்தபூர்த்தி செய்து ஓய்வு கொடுக்கிறோம். இந்தக் குதிரைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வர வேண்டிய இலகு ரக ஹெலிகாப்டர் 2016லேயே முதல் பறப்பை முடித்துவிட்டது. ஆனாலும் சேத்தக் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. இது பெருமையா கவலையா என்று கேட்டால், எனக்குக் கவலையே கொஞ்சம் கூடுதல்.

பெரிய வேலைக்கு எம்ஐ-17. அதன் புதிய வகையான வி5 2012ல் நம் விமானப்படையில் சேர்ந்தது. ஆயுதத்தோடு 36 வீரர்களைச் சுமக்கும். 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் குன்னூர் அருகே விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழக்கக் காரணமான ஹெலிகாப்டர் இந்த ரகம்தான். அதனால் நம் மாநிலத்தில் இந்தப் பெயரைச் சொன்னாலே அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வெள்ளம் என்றால் சூலூரிலிருந்து கிளம்பி வருவதும் இதே ரகம்தான்.

மூன்றாவது, நாமே வடிவமைத்த துருவ். 1992ல் முதல் பறப்பு, 2002லிருந்து படைகளில். கடலோரக் காவல்படைக்கு இன்று இதுதான் முக்கியக் கை. அதற்கும் விலை கொடுத்திருக்கிறோம். 2024 செப்டம்பர் 2ஆம் தேதி குஜராத்தில் போர்பந்தர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலில் காயம்பட்ட மாலுமியை எடுக்கப் போன துருவ் கடலில் விழுந்து அதன் குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அதே போர்பந்தரில் இன்னொன்று விழுந்து மேலும் மூன்று பேர். உடனே எல்லா துருவ்களையும் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் ஏதாவது பெரிய வெள்ளம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

நம் ஊருக்கு இவை எங்கிருந்து வர வேண்டும்? தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறதே, அரை மணியில் வந்துவிடாதா என்று நம் குடியிருப்பிலேயே ஒருவர் கேட்டார். தஞ்சாவூரில் இருப்பது சுகோய் போர் விமானப் படைப்பிரிவு, 2020 ஜனவரியில் வந்தது. அது கயிறு விட்டு யாரையும் தூக்காது. சூலூர் நமக்கு நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர். எம்ஐ-17 முக்கால் மணி, ஐம்பது நிமிடத்தில் கடக்கும். ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் ஏறக்குறைய அதே தூரம். அரக்கோணம் கடற்படைத் தளம் இன்னும் தள்ளி, 260 கிலோமீட்டர். இந்த இரண்டு கடற்படைத் தளங்களுக்கும் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். அரக்கோணம் 'ராஜாளி', உச்சிப்புளி 'பருந்து'. டெல்லியில் யாரோ தமிழ் தெரிந்த ரசிகர் இருந்திருக்கிறார்.

ஆனால் பறக்கும் நேரம் மட்டும் கணக்கல்ல. நாம் ஃபோன் போட்டதும் ஹெலிகாப்டர் வராது. மாவட்ட நிர்வாகம் மாநில அரசிடம் கேட்க வேண்டும், மாநில அரசு படைகளிடம் கேட்க வேண்டும், மேகமும் காற்றும் இடம் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால், மின்கம்பியும் கேபிள் வயரும் பின்னிக் கிடக்கும் ஊருக்குள் தாழ இறங்கி அந்தரத்தில் நிற்பது தற்கொலைக்குச் சமம்.

அந்தரத்தில் நிற்பதுதான் ஹெலிகாப்டருக்கு மிகக் கஷ்டமான வேலை. இதைப் பலர் அறிவதில்லை. முன்னால் ஓடும்போது காற்று ஓட்டமே இறக்கைகளுக்கு உதவி செய்யும். ஒரே இடத்தில் நிற்கும்போது முழுப் பாரத்தையும் எஞ்சின் ஒன்றே தாங்க வேண்டும். தரைக்கு மிக அருகில் என்றால் கீழே அடிக்கும் காற்று மெத்தை போல் கொஞ்சம் தாங்கும். நாலு மாடிக் கட்டடத்துக்கு மேலே, தண்ணீருக்கு மேலே அந்த மெத்தையும் கிடையாது. வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடுவதால் தூக்கும் சக்தியும் குறையும். எரிபொருள் நிறைய இருந்தால் ஆட்களைக் குறைக்க வேண்டும், ஆட்கள் அதிகமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். பாங்கில் வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. இருப்புக்கு மேல் செக் எழுத முடியாது, அவ்வளவுதான்.

அப்படி அந்தரத்தில் நின்று செய்த மீட்புகளில் நம் நாட்டில் முதலிடம் கொடுக்க வேண்டியது 1992 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் பர்வானூவில் நடந்தது. மலைக்கு மலை கட்டிய ரோப்காரின் கம்பி அறுந்து, பயணிகளோடு பெட்டி பள்ளத்தாக்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்த ஊழியர் குதித்து இறந்துபோனார். உள்ளே பத்துப் பேர். சர்சாவா தளத்திலிருந்து குரூப் கேப்டன் ஃபாலி மேஜர் எம்ஐ-17ஐக் கொண்டுவந்து, ரோப்கார் கம்பிகளுக்கு மேலே அசையாமல் நிறுத்தினார். ராணுவத்தின் மேஜர் இவான் கிராஸ்டோ வின்ச் கம்பியில் இறங்கிப் பெட்டியின் கூரையில் நின்றார். ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். பாதி பேரை எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. கிராஸ்டோவை மேலே வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் பயந்து போயிருந்ததால், இரவு முழுவதும் அந்தத் தொங்கும் பெட்டியிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக அவர் ஏறினார். அவருக்குக் கீர்த்தி சக்ரா, ஃபாலி மேஜருக்குச் சௌரிய சக்ரா. ஃபாலி மேஜர் பின்னாளில் விமானப்படைத் தளபதியே ஆனார்.

முப்பது வருடம் கழித்து, 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தேவ்கர் திரிகூட மலையில் அதே மாதிரி ரோப்கார் விபத்து. இந்தத் தடவையும் எம்ஐ-17 வந்தது, பலரைக் காப்பாற்றியது. ஆனால் மீட்பின்போதே இரண்டு பேர் கீழே விழுந்து இறந்தார்கள். அதில் ஒருவர் ஹெலிகாப்டரின் கதவுவரை வந்தவர். டி.வி.யில் அதைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கயிற்றில் ஏறுவது ஒரு கடைசி வழி, முதல் வழி அல்ல என்பது தெரிய வேண்டும்.

கடலுக்குப் போனால் கணக்கு இன்னும் கடினம். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் நாள் கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். புயல் எச்சரிக்கை போய்ச் சேரும் முன் கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் பெண்கள் மாதா கோயில் வாசலில் காத்துக் கிடந்தார்கள். சின்ன ஹெலிகாப்டர் ஒன்று கரையிலிருந்து போய்த் தேடித் திரும்பி வர வேண்டும் என்றால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போவது சிரமம். இவர்கள் போயிருந்ததோ அதைத் தாண்டி. மீனவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்களில் சிலரைக் கூட ஏற்றிக்கொண்டு போங்கள், எந்தத் திசையில் தேட வேண்டும் என்று நாங்கள் காட்டுகிறோம் என்றார்கள். பிறகு கப்பல்களில் சிலரை ஏற்றிக்கொண்டார்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்பது அந்த ஊர்களின் ஆறாத வருத்தம். அது நியாயமான வருத்தம் என்றே நானும் நினைக்கிறேன். தேடுதல் வேறு, மீட்டல் வேறு. மீட்க எந்திரம் போதும், தேட அந்த இடத்தை அறிந்த ஆள் வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கொந்தளிப்பில் இரவு நேரத்தில் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரை எடுத்துப் போய் மீனவர்களைக் கயிற்றில் தூக்கியதற்காகக் கடற்படையின் கேப்டன் பி. ராஜ்குமார் சௌரிய சக்ரா பெற்றார். அப்படியும் திரும்பி வராதவர்கள் இரு மாநிலங்களிலும் சேர்த்து நூற்றுக்கணக்கில்.

தேடப் போன ஹெலிகாப்டரை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, அந்தமானில் வடக்கு சென்டினல் தீவில் ஆதிவாசிகள் பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் போனது. கடற்கரையில் ஓர் ஆள் ஓடிவந்து வில்லை வளைத்து அதை நோக்கி அம்பு விட்டார். நலமாக இருக்கிறோம், போய் வாருங்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தில் ராமாபுரத்தில் மொட்டைமாடியில் சிக்கியிருந்த நிறைமாதக் கர்ப்பிணியை விமானப்படை தூக்கியது, அடுத்த இரண்டொரு நாளில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. 2023 டிசம்பரில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சிலரைப் பக்கத்துப் பள்ளியில் தங்க வைத்தார்கள், ஐந்நூறு பேர்வரை ரயிலிலேயே இரண்டு இரவு. கையிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு வந்து உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் சோறு போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது. கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ளிட்ட ஒரு சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்கள் 19ஆம் தேதி நடந்தும் பஸ்ஸிலும் வாஞ்சி மணியாச்சி வந்து ஸ்பெஷல் ரயிலில் போனார்கள்.

இந்த 800க்கு ஒரு சிலர் என்ற விகிதத்தைப் பார்த்து, இதற்கா ஹெலிகாப்டர் என்று கேட்கலாம். அந்த ஒரு சிலர் யார் என்று பார்த்தால் கேள்வி எழாது. நடக்க முடிந்தவன் நடந்தான், நடக்க முடியாதவரை அது எடுத்தது. கேரளத்திலும் அப்படித்தான். அரசு சொன்ன கணக்குப்படி 669 மீன்பிடிப் படகுகள் வந்து ஏறக்குறைய 65,000 பேரைக் காப்பாற்றின. ஹெலிகாப்டர்களால் இந்த எண்ணிக்கையை நெருங்கவே முடியாது. வெள்ளத்தில் பெரும்பாலோரைக் காப்பது படகுதான். படகு நுழைய முடியாத இடம், படகில் ஏற முடியாத உடம்பு, இவற்றுக்குத்தான் கயிறு. டி.வி.யில் கயிறு அழகாகத் தெரிவதால் படகுக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கயிறும் முடியாத இடம் உண்டு. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழாவில் 23 வயது இளைஞர் ஒருவர் மலைப் பாறையின் பொந்து ஒன்றில் சிக்கி இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்திருந்தார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து சுற்றிப் பார்த்தது. மலைக்காற்று நெருங்க விடவில்லை. கடைசியில் வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களும் பெங்களூர் பாராசூட் வீரர்களும் மலையேறி, மேலிருந்து கயிற்றில் இறங்கி, அவரை இடுப்போடு கட்டித் தூக்கினார்கள். உச்சிக்கு வந்த பிறகே ஹெலிகாப்டருக்கு வேலை கிடைத்தது.

இனி நம் மொட்டைமாடி. கேரள வெள்ளத்தில் சாலக்குடியில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கடற்படையின் சீ கிங்கையே இறக்கி 26 பேரை ஏற்றினார்கள். முழுப் பாரத்தையும் மாடி மீது வைத்திருந்தால் வீடு தாங்கியிருக்காது. சக்கரம் தொட்டும் தொடாமலும், பாரத்தைப் பெரும்பாலும் விசிறியே தாங்கும்படி சில நிமிடங்கள் நிறுத்தினார்கள். அது அபூர்வம், நமக்கு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நடப்பதற்குத் திறந்த தளம் இருந்தது. தகர ஷீட்டின் மேல் யாரும் இறங்க மாட்டார்கள், கயிறும் விட மாட்டார்கள். கீழே அடிக்கும் காற்று சரியாக முடுக்காத ஷீட்டைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த ஷீட் விசிறியில் பட்டால் ஹெலிகாப்டரும் போய்விடும், கீழே நிற்பவர்களும் போய்விடுவார்கள். டேங்க் மூடி, பிளாஸ்டிக் நாற்காலி, கொடியில் காயும் துணி, உடைந்த டிஷ் ஆண்டெனா எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பேருக்கு ஒரு கம்பியால் கட்டி வைத்திருக்கும் நம் ஆண்டெனாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

கயிறு இறங்கும்போது செய்ய வேண்டியதில் சிலவற்றைப் படித்ததிலிருந்து சொல்கிறேன். கொக்கி தரையைத் தொடும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. பறக்கும்போது ஹெலிகாப்டரில் சேரும் மின்சாரம் கம்பி வழியே ஷாக் அடிக்கும். அந்தக் கம்பியை மாடிக் கைப்பிடியிலோ குழாயிலோ ஒருபோதும் கட்டக் கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரை நாமே தரையோடு பிணைத்தது போல் ஆகிவிடும். அக்குளுக்குக் கீழே வளையம் மாட்டியதும் இரண்டு கையையும் கீழே அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். பயத்தில் கையை மேலே தூக்கினால் வளையத்திலிருந்து நழுவிவிடுவோம். பெட்டி, நகை, நாய்க்குட்டி எதையும் கையில் பிடிக்கக் கூடாது. ஹெலிகாப்டரில் வரும் வீரர் சொல்வதுதான் அப்போது சட்டம். யாரை முதலில் என்பதை அவர் முடிவு செய்வார், செயலாளரும் பொருளாளரும் அல்ல.

ஷெட் போடுவதை நான் எதிர்க்கவில்லை. மேல்மாடிக்காரர்களின் கசிவுக் கஷ்டம் உண்மையானது. நான் கேட்பது, படிக்கட்டு முடியும் இடத்திலிருந்து கிழக்குப் பக்கம் முழுவதையும், டேங்க் இருக்கும் மேடைக்கு எதிர்ப்புறத்தில், திறந்தே விட வேண்டும். அங்கே கசிவுக்குச் சுண்ணாம்புப் பூச்சோ வாட்டர் ப்ரூஃபோ செய்துகொள்ளலாம். சோலார் பலகைகளும் மேற்குப் பக்கமே போகட்டும். மாடிக் கதவின் சாவி வாட்ச்மேனிடம் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும். இப்போது ஒரே சாவிதான் இருக்கிறது, அதுவும் ஒருவர் வீட்டுக்குள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், தனியாக வசிக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் என்ற பட்டியல் ஒன்றைச் செயலாளரிடம் வைத்து ஒவ்வொரு காலாண்டும் திருத்த வேண்டும். படகு வந்தாலும் ஹெலிகாப்டர் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான். அன்பில் பக்கம் கொள்ளிடக் கரையில் உறவினர் உள்ளவர்கள் அங்கேயும் இதைச் சொல்லி வைக்கலாம்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. மூன்றையும் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஷீட் போடும் காண்ட்ராக்டரின் எஸ்டிமேட் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. அதில் கிழக்குப் பக்கத்தின் சதுர அடியைக் கழித்து இன்னொரு எஸ்டிமேட்டும் வாங்கி வரும்படி செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன்.